லோரோங் கூலிட்ல கையில எடுத்துப் பார்த்த போல்ட்

ஜெலுத்தோங்காரன்:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு வழக்கம்போல பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன், பட்டாளத்து பேட்ஜ், பெல்ட் கொக்கி ஏதாச்சும் வந்திருக்கான்னு பார்க்க. கடைசி வரிசையில தார்பாய் விரிச்சு உட்காருற சீன அங்கிள் என்னைப் பார்த்ததும் மைலோ டின்னுக்குள்ள கைய விட்டு துணி சுத்துன சாமான் ஒன்ன எடுத்து நீட்டி, இது எந்த மெஷினோடது, உனக்குத் தெரியுமான்னு கேட்டார். பிரிச்சா லீ என்ஃபீல்டு ரைஃபிளோட போல்ட், தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற கைப்பிடி வச்ச பாகம். அதுலயும் ஜங்கிள் கார்பைன்னு சொல்ற குட்டை ரகத்தோடது, சத்தியமா. உடம்பெல்லாம் துருப்பிடிச்சு காப்பித்தூள் கலர், கைப்பிடிக் குமிழ் மட்டும் யாரோ வருஷக்கணக்கா பிடிச்சுப் பிடிச்சு வெள்ளையா தேஞ்சிருந்துச்சு. இத்தனை வருஷமா படத்துல பார்த்தது, கையில பிடிச்சது அன்னிக்குத்தான். நம்ம ஊர் சட்டம் உங்களுக்கே தெரியும், முழுத் துப்பாக்கி வேணாம், ஒரு பாகம் இருந்தாலே கேஸ். தெரியல அங்கிள்னு சொல்லி டின்ல வச்சுட்டு நடந்துட்டேன். அந்த மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்ததுதான் தூங்க விட மாட்டேங்குது.

செந்தூல் பையன்:
மெல்பர்ன்ல என் மச்சான் லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் முறையா எடுத்து ஆஸ்திரேலியாவோட லித்கோ ஃபேக்டரியில 1942ல செஞ்ச லீ என்ஃபீல்டு ஒன்னு வாங்குனார், நம்பர் 1 ரகம், குவீன்ஸ்லாந்து மேப்பிள் கட்டை, போல்ட்லயும் பாடியிலயும் ஒரே நம்பர். நான் லீவுக்குப் போயிருந்தேன், பின்கட்டை லேசா ஆடுது, கழட்டித் துடைச்சு மாட்டலாம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். நீட்டு ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருப்புனது நான். அரைச் சுத்துகூட இல்ல, முன்கட்டைக்குள்ளேர்ந்து டக்னு சத்தம், காஞ்ச முருங்கைக் கொம்பு ஒடியிற மாதிரி. பின்கட்டையப் பிடிச்சிருக்கிற நீட்டு ஸ்க்ரூவோட முனை சதுரமா இருக்கும், முன்கட்டையில இருக்கிற தகட்டுல போய் மாட்டியிருக்கும், அதனால முன்கட்டைய எடுத்துட்டுத்தான் பின்கட்டையில கைய வைக்கணும், எங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு அது தெரியாது. சண்டைக்குப் போயிட்டு வந்தும் முழுசா இருந்த கட்டைங்க அது. மச்சான் ஒரு வார்த்தை திட்டல, விரிசல் மேல விரல வச்சுத் தடவிக்கிட்டே இருந்தார். எபாக்ஸி விட்டு ஒட்டியாச்சு, ரேஞ்சுல நல்லாத்தான் அடிக்குதாம். நான் அப்புறம் அத எடுத்துக் காட்டச் சொல்லவே இல்ல.

பட்டர்வொர்த் ராஜா:
ஜெலுத்தோங் தம்பி, ஜங்கிள் கார்பைன்னு எத வச்சுச் சொல்றீங்க? குமிழ் நுனியில குழி இருந்துச்சா? ஜங்கிள் கார்பைன்ங்கிற நம்பர் 5ல எடை குறைக்க அதைக் குடைஞ்சு எடுத்திருப்பான். அத பார்க்காம சத்தியம் பண்ணக் கூடாது. என் கதை சின்னது. இங்கிலாந்துல படிக்கும்போது கிளப்போட பிஸ்லி ரேஞ்சுக்குப் போய் நம்பர் 4 லீ என்ஃபீல்டுல பத்து ரவுண்டு சுட்டேன், தோள் ரெண்டு நாள் கன்னிப்போச்சு. சுட்டு முடிச்சதும் ஒரு பெரியவர் கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு, புனல் போட்டு பேரல்ல ஊத்துனார், அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணியா கொட்டி ஆவி பறந்துச்சு. துப்பாக்கிக்குள்ள தண்ணியான்னு பதறிட்டேன். இந்த ரைஃபிளுக்குப் போடுற பழைய த்ரீ நாட் த்ரீ ரவுண்டுல, தோட்டா அடியில இருக்கிற பிரைமர் மருந்து வெடிச்சா உள்ள உப்பு படியும், உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும், வெறும் எண்ணெய் போட்டு மூடி வச்சா கொஞ்ச நாள்ல துரு தின்னுடும். செந்தூல் தம்பி, மச்சான்கிட்ட இத சொல்லுங்க, தண்ணி ஊத்துனதும் காய வச்சு அப்புறம் எண்ணெய். கட்டைக்கு வார்னிஷ் அடிக்கவே வேணாம், காய்ச்சாத லின்ஸீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையில ஊத்தி சூடு வர்ற வரைக்கும் தேய்க்கணும், அதிகமானத துடைச்சுடணும். வேற ரைஃபிளோட போல்ட் கிடைச்சா அப்படியே மாட்டிச் சுடக் கூடாது, போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிய, அதான் ஹெட்ஸ்பேஸ், கேஜ் வச்சுப் பார்க்கணும், நம்பர் 4க்கு போல்ட் முனையில மாட்டுற ஹெட்டே 0லேர்ந்து 3 வரைக்கும் நாலு சைஸ் இருக்கு, சும்மா இல்ல. தோட்டா உறை கிழிஞ்சா சூட்டுப் புகை மூஞ்சிலதான் வரும்.

செராஸ் கவி:
ராஜா அண்ணே, அந்தத் தம்பிய உறுத்துறது குழி இல்ல. தம்பி, அது துப்பாக்கி சாமான், போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்துடுங்கன்னு நீங்க சொல்லியிருக்கணும், வயசானவர் மாட்டிக்கிட்டா யார் பதில் சொல்றது? எங்க தாத்தா, மலாயாவுல கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்த அவசரகாலத்துல காஜாங் பக்கம் தோட்டத்துல ஸ்பெஷல் கான்ஸ்டபிள். வீட்டுல அதைப் பத்தி வாயே திறக்க மாட்டார். தவறுறதுக்கு முந்துன வருஷம் கேஎல்ல போலீஸ் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குள்ள த்ரீ நாட் த்ரீ இருந்துச்சு, முன்னால நின்னவர் இடது கைய ஏந்தி வச்சு வலது கட்டைவிரலால தோட்டா கிளிப்ப உள்ள தள்ளுற மாதிரி காத்துல அமுக்குனார். மறுபடி ஒருதரம். கிளிப்புக்கு அஞ்சு தோட்டா, ரெண்டு கிளிப்பு, பத்து. "மேல இருக்கிற ரவையோட விளிம்பு கீழ இருக்கிறதுக்கு முன்னால நிக்கணும்மா, பின்னால போயிடுச்சுன்னா சிக்கிக்கும்"னு சொன்னார். யாருக்கு சிக்குச்சுன்னு கேட்டேன். பேசாம வெளிய போய் படியில உட்கார்ந்துட்டார்.

ஜெலுத்தோங்காரன்:
கவி அக்கா, நீங்க எழுதினத படிச்சுட்டு இந்த ஞாயிறு விடியகாலையிலயே போனேன். அங்கிள் இருந்தார், டின்னும் இருந்துச்சு, போல்ட் இல்ல. அது துப்பாக்கியோடதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்தார், அப்புறம், போன வாரம் ஒரு பையன் 30 வெள்ளிக்கு வாங்கிட்டுப் போயிட்டான், யாருன்னு தெரியாதுன்னார். ராஜா அண்ணே, குழி இருந்துச்சு. என் சுண்டுவிரல் நுனி அதுல பதிஞ்சுச்சு.