முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரியனைச் சுவரில் விழவைத்தால் கரும்புள்ளிகள் தெரியுமா?

வெயில்வட்டம் (கேள்வி):

3 மி.மீ. தடிமனுள்ள சாதாரண முகக்கண்ணாடி. அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் 1 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி வெயிலில் வைத்து, 8 மீட்டர் தள்ளியுள்ள சுவருக்கு ஒளியைத் திருப்பினால் ஏழு செ.மீ. சொச்சம் அகலத்தில் ஒரு வட்டம் விழுகிறது. ஓட்டை சதுரம், விழுவது ஏன் வட்டம்? அதே நாள் செயற்கைக்கோள் படத்தில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று தெளிவாக இருக்கிறது. சுவரிலோ வெறும் வெள்ளை வட்டம்தான், விளிம்பும் பஞ்சு மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்ப்பதற்குள் வட்டம் நகர்ந்தும் போய்விடுகிறது. தொலைநோக்கி வாங்காமல் புள்ளிகளைப் பார்க்க வழி உண்டா? எதை மாற்ற வேண்டும்?

துளைநோக்கி:

சுவரில் விழுவது சூரியனின் பிம்பமேதான். ஓட்டையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு வட்டச் சூரியனைச் சுவருக்கு அனுப்புகிறது. கொஞ்சம் கொஞ்சம் தள்ளி விழும் அத்தனை வட்டங்களின் குவியலைத்தான் பார்க்கிறீர்கள். சுவரை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வட்டமும் 3 மி.மீ.க்குள் சுருங்கிவிடும். அங்கே ஓட்டையின் சதுரம்தான் தெரியும். தூரம் கூடக் கூட வட்டம் பெருகி, சதுரம் அதற்குள் மறைந்துவிடுகிறது.

பிம்பத்தின் அளவைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. மீட்டருக்கு 9.3 மி.மீ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டருக்கு 74 மி.மீ., 20 மீட்டருக்கு 186 மி.மீ. ஓட்டையின் அளவு தீர்மானிப்பது வெளிச்சத்தையும் மங்கலையும். உங்கள் 10 மி.மீ. ஓட்டை, பிம்பத்தின் எந்த விவரத்தையும் 10 மி.மீ. அகலத்துக்கு இழுகிவிடும். சூரியனின் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு அது! அதைவிடச் சின்னது எல்லாம் கரைந்துபோகும். பஞ்சு விளிம்புக்கும் காரணம் இதுதான்.

ஓட்டையை ஒரேயடியாகச் சின்னதாக்கினாலும் பயனில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒளியின் விளிம்பு விளைவு (ஓட்டையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) தலைதூக்கி, பிம்பம் மறுபடி மங்கும். சரியான அளவுக்கு மனக்கணக்கு ஒன்று உண்டு. தூரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு, அதோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஓட்டையின் விட்டம் மி.மீ.இல் கிடைக்கும். 8 மீட்டருக்கு 3 மி.மீ., 20 மீட்டருக்கு 5 மி.மீ. இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 8 மீட்டரில் மங்கல் குறுக்களவில் இருபத்தைந்தில் ஒரு பங்காக இறங்கும். 20 மீட்டரில் 37-இல் ஒரு பங்கு. பூமியை 109 முறை வரிசையாக வைத்தால்தான் சூரியனின் குறுக்களவு வரும். ஆகவே 20 மீட்டர் அமைப்பில் மூன்று பூமி அகலமுள்ள கரும்புள்ளி எல்லைக்கோட்டில் நிற்கும், கூட்டமாக இருந்தால் தாராளமாகத் தெரியும். 2024 மே மாதம் பெரும் காந்தப்புயலைக் கிளப்பிய 13664 எண்ணுள்ள கூட்டம் ஏறத்தாழ 15 பூமி அகலம். இந்தச் சுவரில் அது 25 மி.மீ. நீளக் கறையாக விழுந்திருக்கும்.

விலை வெளிச்சத்தில் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். 20 மீட்டரில் 5 மி.மீ. ஓட்டையின் பிம்பத்துக்கு மிஞ்சுவது 60 லக்ஸ் அளவுதான். பகலில் திறந்த அறை இதைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. அறையை நன்றாக இருட்டாக்காமல் புள்ளி தெரியவே தெரியாது. கண்ணாடி வெளியே வெயிலில் இருக்கட்டும், கதிர் கதவிடுக்கு வழியாக இருட்டறைக்குள் வரட்டும். கதவருகே கதிரின் அகலமே கிட்டத்தட்ட பிம்பத்தின் அளவுக்கு வந்திருக்கும் என்பதால் 20 மீட்டர் அமைப்புக்கு இடுக்கு 25 செ.மீ.யாவது வேண்டும். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகவோ கொசுவலை வழியாகவோ விடாதீர்கள்.

பட்டறை மூலை:

மேலே சொன்னபடி 3 மி.மீ. ஓட்டை போட்டால் உங்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. உங்கள் கண்ணாடியின் தடிமன்!

முகக்கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்பக்கம் இருக்கிறது. தாளோ முன்பக்கம். ஓட்டை வழியாக நுழையும் ஒளி கண்ணாடிக்குள் சாய்ந்து இறங்கி, பின்பக்கம் பட்டு, ஏறி வரும்போது வேறு இடத்தில் வெளியே வரும். படுகோணம் (கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஒளி சாய்ந்து விழும் கோணம்) 45 பாகை, தடிமன் 3 மி.மீ. என்றால் அந்த நகர்வு 3.2 மி.மீ. அதாவது 3 மி.மீ. ஓட்டையில் நுழைந்த ஒளி முழுக்கவும் தாளின் பின்புறத்தில் முட்டி நின்றுவிடும். வெள்ளிப்பூச்சிலிருந்து ஒன்றுமே வெளியே வராது, முன் பரப்பு திருப்பும் சுமார் 5 சதவீத ஒளி மட்டும் சுவரில் பேய்போல் தெரியும். 10 மி.மீ. ஓட்டையில் இந்த இழப்பு கண்ணுக்குப் படாது, சிறிய ஓட்டைக்குப் போனதும் 'கண்ணாடி கெட்டுவிட்டது' என்று தோன்றும்.

வழி மூன்று. ஒன்று, 1 மி.மீ. தடிமனுள்ள ஒப்பனைப் பெட்டிக் கண்ணாடி. நகர்வு ஒரு மி.மீ. அளவில் அடங்கும். இரண்டு, படுகோணத்தைக் குறைப்பது. சூரியனும் சுவரும் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஒரே பக்கம் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 20 பாகைக்கு வந்தால் 3 மி.மீ. கண்ணாடியிலும் நகர்வு 1.4 மி.மீ.தான். சாய்வு கூடினால் ஓட்டையும் ஒரு பக்கம் ஒடுங்கித் தெரியும் என்பதால் இதில் இரட்டை லாபம். மூன்று, முன்பக்கமே பூச்சுள்ள கண்ணாடி. பழைய மேசை ஸ்கேனரைப் பிரித்தால் பட்டையான நீளக் கண்ணாடிகள் கிடைக்கும், பூச்சு முன்பக்கம்தான். பூச்சை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்கவும் கூடாது, ஊதி மட்டும் விடுங்கள். பழுதான ஹார்ட் டிஸ்க்கின் தட்டும் நல்ல தட்டையான முன்பரப்புக் கண்ணாடியே. வெள்ளி அளவுக்கு ஒளியைத் திருப்பாது, ஆனால் போதும். மடிக்கணினி டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம். வளைத்தால் சில்லுச் சில்லாக நொறுங்கும், கவனம்.

சுவரில் வட்டம் நகர்ந்துபோவதற்கு வருவோம். பூமி சுற்றுவதால் பிம்பம் சுமார் இரண்டு நிமிடத்தில் தன் குறுக்களவு முழுவதும் நகர்ந்துவிடும். 20 மீட்டரில் நொடிக்கு ஒன்றரை மி.மீ. கையால் திருப்பிச் சரிசெய்வது இம்சை, ஏனென்றால் கண்ணாடி எவ்வளவு திரும்புகிறதோ ஒளி அதைப்போல் இருமடங்கு திரும்பும். ஒரு பலகையில் கீல் வைத்து இன்னொரு பலகையைப் பொருத்துங்கள். கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு எம்6 போல்ட் மேல்பலகையைத் தாங்கட்டும். இந்த போல்ட்டின் புரியிடைவெளி 1 மி.மீ. என்பதால் ஒரு முழுச்சுற்றுக்கு ஒளி 0.57 பாகை நகரும், கிட்டத்தட்ட ஒரு சூரிய அகலம். இது மேல்கீழ்த் திருப்பத்துக்கு. பக்கவாட்டுக்கும் இதே போல ஒன்று இருந்தால் சுகம். அவ்வளவு வேண்டாம் என்றால், கனமான ரப்பர் பந்தில் கண்ணாடியை ஒட்டி, பந்தைக் குவளை வாயில் உட்காரவையுங்கள். எந்தப் பக்கமும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும்.

வெயில்வட்டம்:

நன்றி. என்னிடம் உள்ள நீளம் 10 மீட்டர்தான். இன்னொரு பெரிய கண்ணாடியை எதிர்ச்சுவரில் வைத்து ஒளியை மடக்கி 20 ஆக்கலாமா? மொட்டைவெயிலில் தரையிலிருந்து எழும் அனல் பிம்பத்தைக் கலக்குமா? குழந்தைகளும் பார்க்கிறார்கள், கண்ணுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது?

நிழல்கோல்:

கண்ணை முதலில் முடித்துவிடுகிறேன். சுவரில் உள்ள பிம்பத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆபத்து திரும்பிப் பார்ப்பதில் இருக்கிறது. கதிருக்குள் முகத்தை வைத்துக் கண்ணாடியைப் பார்த்தால் தெரிவது சூரியனேதான். கண்ணாடியை நெருங்க நெருங்க, நேராகச் சூரியனைப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. எரியும்போது ஒன்றும் தோன்றாது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் கறை நிற்கும். ஆகவே கதிர் குழந்தைகளின் தலைக்கு மேலே போகும்படி கண்ணாடியை உயரத்தில் வையுங்கள், பார்ப்பவர் எல்லாரும் சுவரை நோக்கியே நிற்கட்டும். தாள் ஒட்டாத வெறுங்கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் திசை தேடாதீர்கள், தாளை ஒட்டிய பிறகே வெயிலுக்கு எடுத்துப் போங்கள். முகச்சவரத்துக்கான உருப்பெருக்கிக் கண்ணாடி குழிந்தது, ஒளியைக் குவித்துச் சுட்டுவிடும். அது அறவே வேண்டாம்.

அனலைப் பற்றிக் கவலையே வேண்டாம். அனல் காற்று பிம்பத்தை ஆட்டுவது சில வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவுக்குத்தான். உங்கள் ஓட்டையின் மங்கலே 50 வில்விநாடியைத் தாண்டும். விளிம்பு அலையாடுவதாகத் தோன்றினால் கண்ணாடி அசைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வீசும் காற்றுதான் அதை ஆட்டும்.

மடக்குவது கோட்பாட்டில் சரி, நடைமுறையில் வராது. எதிர்ச்சுவருக்கு வரும்போது கதிர் 9 செ.மீ. அகலம். அத்தனை அகலத்துக்கும் தட்டையாக இருக்கும் வீட்டுக்கண்ணாடி அபூர்வம். ஆணியடித்து மாட்டிய கண்ணாடி லேசாக வளைந்தே இருக்கும், பிம்பம் முட்டையாகும். ஓட்டைக்கு அடியில் உள்ள கண்ணாடிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அங்கே பயன்படுவது சில மி.மீ. மட்டுமே.

குவியம்:

10 மீட்டர்தான் என்றால் தூரத்தை விட்டுவிட்டு ஒரு லென்ஸுக்குப் போங்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் +0.25 பவர் கொண்ட, சட்டத்துக்கு வெட்டாத வட்ட லென்ஸ் கேளுங்கள். பிளஸ் என்று அழுத்திச் சொல்லுங்கள், மைனஸ் லென்ஸ் பிம்பம் தராது. இதன் குவியத்தூரம் 4 மீட்டர், சூரியன் 37 மி.மீ. அகலத்தில் விழும். லென்ஸுக்கு முன்னால் 10 மி.மீ. வட்ட ஓட்டையுள்ள தாள். மங்கல் 0.3 மி.மீ.க்குள் வந்துவிடும், அதாவது குறுக்களவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 20 மீட்டர் வெறும் ஓட்டையைவிட மூன்று மடங்குக்கு மேல் கூர்மை! வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருப்பதால் அரைகுறை இருட்டு போதும்.

கவனிக்க வேண்டியவை: ஒளி முதலில் கண்ணாடியில் பட்டு, பிறகு லென்ஸ் வழியாகப் போகட்டும். லென்ஸ் கதிருக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் புள்ளிகள் கோடாக இழுபடும். இவ்வளவு குறைந்த பவரில் லென்ஸ் தயாரிப்பில் நேரும் சிறு வித்தியாசம்கூடக் குவியத்தை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். ஆகவே 4 மீட்டரில் ஆணியடித்து நிறுத்தாமல், தாள் ஒட்டிய அட்டையை மூன்று மீட்டரிலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டே போய், விளிம்பு வெட்டினாற்போல் ஆகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே 10 செ.மீ. முன்பின் போனாலும் குறையில்லை. ஓட்டைத் தாளை எடுத்துவிட்டு முழு லென்ஸையும் திறக்காதீர்கள், பிம்பம் நேர் வெயிலைவிடப் பிரகாசமாகிவிடும்.

இருகண் தொலைநோக்கியிலும் ஒரு பக்கத்தை மூடிப் பிம்பம் விழவைக்கலாம். உள்ளே ஒட்டிய லென்ஸுகள் சூடேறிப் பழுதாகும் வாய்ப்பு இருப்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

துளைநோக்கி:

லென்ஸ் யோசனை அருமை, நானும் அதையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். தெரியும் கறை நிஜப் புள்ளிதானா என்று சோதிக்க இரண்டு வார்த்தை.

பளபளப்பில்லாத வெள்ளைத் தாளை எடுத்து, பிம்பம் விழும் இடத்தில் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கறை தாளோடு போனால் அது தாளின் அழுக்கு. பிம்பத்தோடு நின்றால் சூரியனுடையது. தாள் ஆடும்போது அதன் சொரசொரப்பு கண்ணில் கலைந்துவிடுவதால் மங்கிய புள்ளியும் சட்டென எடுத்துத் தெரியும். கண்ணாடியில் உள்ள தூசு கறையாக விழாது, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. வட்டத்தின் ஓரம் நடுவைவிட மங்கலாகத் தெரிந்தால் மகிழுங்கள். ஓரத்தில் நம் பார்வைக்கோடு சாய்வாகப் போவதால் சூரியனின் மேலடுக்கு, சற்றுக் குளிர்ந்த வாயுதான் தெரிகிறது. கூர்மை சரியாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. செயற்கைக்கோளின் அன்றைய படத்தோடு ஒப்பிடும்போது படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டியதில்லை. ஊசித்துளையின் தலைகீழ்த் திருப்பமும் கண்ணாடியின் திருப்பமும் சேர்ந்து, சுவரில் வெறும் சுழற்சிதான் மிஞ்சும். படத்தைச் சுழற்றிப் பொருத்தினால் போதும். எவ்வளவு சுழற்றுவது? கண்ணாடியைத் தொடாமல் விடுங்கள். பிம்பம் நகரும்போது முன்னே போகும் விளிம்பு சூரியனின் மேற்கு. அந்தப் படத்தில் வடக்கு மேலே, மேற்கு வலப்பக்கம்.

தினமும் அதே நேரத்தில் தாளில் வட்டம் வரைந்து புள்ளியைக் குறித்துவாருங்கள். நடுப்பகுதியில் இருக்கும் கூட்டம் 37 மி.மீ. பிம்பத்தில் நாளுக்கு 4 மி.மீ. போல மேற்கே நகரும். ஓரத்துக்கு வர வர நகர்வு குறைந்துகொண்டே வரும். கிழக்கு ஓரத்தில் தோன்றி மேற்கில் மறைய இரு வாரத்துக்குச் சற்றுக் குறைவு.

25-ஆம் சூரியச் சுழற்சி (கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுற்று) 2019 டிசம்பரில் தொடங்கி, 2024-இல் உச்சத்துக்கு வந்தது. இறங்குமுகத்தில் பெரிய கூட்டங்கள் வராது என்று நினைக்க வேண்டாம். 2003 அக்டோபரில் வந்த ராட்சதக் கூட்டங்கள் 23-ஆம் சுழற்சியின் உச்சம் கடந்த பிறகு வந்தவைதான். எதற்கும் அமைப்பை வெளியே தூக்குமுன் அன்றைய படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், புள்ளியே இல்லாத நாளில் லென்ஸைக் குறைசொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.