இஸ்லாமிய வானியல் ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுபோக நிதி தேவை: விண்ணப்பத்தில் எதை மாற்றுவது?

கேள்வி

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருக்கிறேன். தொழுகை நேரத்தைக் கணித்த மத்திய கால வானியலாளர்கள் பற்றியது என் ஆய்வு. டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு அல்-ஷாதிர், 1371-இல் அங்கே ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். சூரியன் உதித்து எவ்வளவு நேரமாயிற்று, மறைய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையெல்லாம் அதன் கோடுகளில் விழும் நிழலை வைத்தே சொல்லிவிடலாம். இதையெல்லாம் பாட்காஸ்ட் தொடராகவும் நூலகப் பேச்சுகளாகவும் கொண்டுபோக ஆசை.

ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பிய விண்ணப்பம், ஆய்வு நன்று, ஆனால் யாருக்காக என்பது தெளிவில்லை என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. அதில் நோக்கம் என்று எழுதியிருந்தது: “இஸ்லாம் பற்றிப் பொதுமக்களிடம் உள்ள தவறான எண்ணங்களைப் போக்குதல்.” எதை மாற்ற வேண்டும்? வேறு எங்கே கேட்கலாம்?

பதில் 1

இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடும் குழுவில் இருந்திருக்கிறேன். நோக்கமாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் சிக்கல். அதே வரி ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். யாருடைய எண்ணம், எந்த எண்ணம், அது மாறியதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

உங்களிடம் சூரியக் கடிகாரம் இருக்கிறது. முதல் பத்தியிலேயே அதை வையுங்கள். கோளரங்கத்துக்கு வரும் குடும்பங்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் என்று இரண்டு கூட்டத்தாரை மட்டும் சொல்லுங்கள், போதும். நிழலை வைத்து நேரம் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு, ஒரு பள்ளிவாசலுக்கு வானியலாளர் எதற்குத் தேவைப்பட்டார் என்பது தானாகவே விளங்கும். அதற்கு மேல் “தவறான எண்ணம்” என்று எழுதத் தேவையே இல்லை.

அப்புறம், கூட்டாளி நிறுவனத்தின் கடிதம். “இம்முயற்சியை வரவேற்கிறோம்” என்ற கடிதத்தால் பயனில்லை. எந்த மாதம் அரங்கம் தருவார்கள், ஆசிரியர்களை யார் அழைப்பார்கள், எந்த ஊழியர் எவ்வளவு நேரம் செலவிடுவார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஊழியரின் நேரத்துக்கான பணத்தையும் உங்கள் பட்ஜெட்டில் காட்டுங்கள். கூட்டாளியை நீங்கள் மதிக்கிறீர்களா என்பது அந்த வரியில் தெரிந்துவிடும்.

பதில் 2

எங்கே கேட்பது என்பதற்கு என் பங்கு. கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளை 2005 முதல் 2009 வரை தன் ஆய்வறிஞர் திட்டத்தை முழுக்க இஸ்லாம் பற்றிய ஆய்வுகளுக்கே ஒதுக்கியது. வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கு அரசுப் பணம் கொடுக்கும் தேசிய மனிதவியல் நிதியமும் (NEH) அமெரிக்க நூலகச் சங்கமும் 2013-இல் முஸ்லிம் பண்பாடுகள் பற்றிய 25 நூல்கள் கொண்ட தொகுப்பை நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு அனுப்பின. அந்தக் காலம் இப்போது இல்லை. 2025 ஏப்ரலில் அதே நிதியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை நடுவழியில் ரத்து செய்தது. அதன் பணத்தை நம்பியிருந்த மாநில மனிதவியல் மன்றங்களுக்கும் அடி விழுந்தது. மெல்லன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி கொடுத்து அந்த மன்றங்களைத் தாங்கிப் பிடித்தது.

ஆகவே அரசுப் பணத்தை மட்டும் நம்ப வேண்டாம். டோரிஸ் டியூக் அறக்கட்டளைக்கு இஸ்லாமியக் கலையிலும் அமெரிக்க முஸ்லிம்கள் பற்றிய புரிதலிலும் நெடுநாள் ஈடுபாடு உண்டு. மதமும் பொதுவாழ்வும் சந்திக்கும் இடத்தில் லூஸ் அறக்கட்டளை நிதி கொடுத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அறக்கட்டளையின் 990-பிஎஃப் வரிப் படிவத்தைப் பாருங்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இணையப் பக்கத்தில் எழுதும் நோக்கவுரையைவிட அந்தப் பட்டியல்தான் நம்பத் தகுந்தது.

பதில் 3

பட்ஜெட்டில் பலரும் விடுவது இரண்டு. ஒன்று, பாட்காஸ்டின் ஒலித் திருத்தமும், பேச்சை அப்படியே எழுத்தில் தரும் எழுத்துப்படியும். காது கேளாதவர்களுக்கு எழுத்துப்படி கட்டாயம் வேண்டும். ஆசிரியர்களும் வகுப்பில் அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

இன்னொன்று பாதுகாப்பு. இஸ்லாம் பற்றிப் பொதுவெளியில் பேசும் ஆய்வாளர்களுக்கு வசை அஞ்சல் வரும், பெண்களுக்கு இன்னும் மோசமாக வரும். கருத்துகளைக் கண்காணிக்க ஒருவருக்குச் சம்பளம் போடுங்கள். பல்கலைக்கழகத் தகவல் தொடர்பு அலுவலகத்தில் யாரிடம் பேசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கொடுப்பவர் யாராக இருந்தாலும், உள்ளடக்கம் பற்றிய இறுதி முடிவு ஆய்வாளருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். மறுத்தால் அந்தப் பணம் வேண்டாம்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பக்கத்துக் கோளரங்கத்துக்கு இன்றே எழுதுகிறேன். ஒரு சிக்கல்: என் பதவியில் இருப்பவர் முதன்மை ஆய்வாளராக, அதாவது மானியத்துக்குப் பொறுப்பானவராக, விண்ணப்பிக்க முடியாது என்கிறது பல்கலைக்கழகம். நிர்வாகச் செலவாக மானியத்தில் பெரும் பங்கும் கேட்கிறது.

பதில் 1

கோளரங்கம் லாபநோக்கற்ற அமைப்பாக இருந்தால் அவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் ஆய்வுப் பொறுப்பாளர். இரண்டு சிக்கலும் பெரும்பாலும் தீரும். பல்கலைக்கழகம் வழியாகவே போக வேண்டுமென்றால் பேராசிரியர் ஒருவரை முதன்மையாக வையுங்கள். நிர்வாகச் செலவைப் பல அறக்கட்டளைகள் 10 அல்லது 15 விழுக்காட்டோடு நிறுத்திவிடும். அந்த விதியை எழுத்தில் காட்டினால் மானிய அலுவலகம் வழக்கமாக ஒத்துக்கொள்ளும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவர்களிடம் போங்கள்.