எக்ஸ்வி6 இ1000 டிரைவர்: சரியா 15 பாக்கெட் வாங்கிட்டு அப்படியே உக்காந்துடுது

அரைகுறை_கோடர்:
வணக்கம் மக்களே. எம்ஐடி-யோட 6.எஸ்081 கோர்ஸ் நெட்ல சும்மாவே கெடைக்குதுல்ல, அதை வேலை முடிச்சு ராத்திரில தனியா உக்காந்து பண்ணிட்டு இருக்கேன், இப்ப நெட்வொர்க் லேப்ல வந்து மாட்டிக்கிட்டேன். தெரியாதவங்களுக்கு, எக்ஸ்வி6-ங்கறது அந்தக் காலத்து யூனிக்ஸ் ஆறாவது எடிஷனை மாதிரி வச்சு பாடம் நடத்த எழுதின குட்டி ஓஎஸ், அதுல க்யூஎமு (கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) காட்டுற இன்டெல் 82540இஎம் நெட்வொர்க் கார்டுக்கு, அதான் இ1000, டிரான்ஸ்மிட், ரிசீவ்னு ரெண்டே ரெண்டு ஃபங்ஷன் நாம எழுதணும், கார்டை ஆரம்பிச்சு வைக்கிற கோடெல்லாம் அவங்களே குடுத்துட்டாங்க. ரெண்டு ஃபங்ஷன்தானேன்னு எறங்கினேன், மூணு நாளா மண்டை காயுது.

முதல்ல ரெண்டு ஃபங்ஷன்லயும் உள்ள நுழைஞ்சதும் லாக் (ஒரே நேரத்துல ரெண்டு பேர் உள்ள வராம தடுக்கற பூட்டு) எடுத்து கடைசில விட்டேன். முதல் பாக்கெட் வந்த உடனே "பேனிக்: அக்வயர்"னு ஓஎஸ்ஸே செத்துடுச்சு. சரின்னு ரிசீவ்ல மட்டும் லாக்கை தூக்கிட்டேன், பேனிக் போயிடுச்சு. ஆனா இப்ப சரியா 15 பாக்கெட் வருது, அதுக்கப்புறம் ஒண்ணும் வரல, டெஸ்ட் அப்படியே தொங்குது. பாக்கெட் வந்து விழற ரிங்ல (வட்டமா சுத்தி வர்ற வரிசை) இடம் 16, வர்றது 15. ஒவ்வொரு தடவையும் 15தான், ஒண்ணு கூட மாறல. அடுத்து எந்த இடத்தைப் பாக்கணும்னு நானே ஒரு ஸ்டாடிக் வேரியபிள் வச்சு எண்ணிக்கிறேன், அந்த இடத்தை கார்டு முடிச்சுட்டதுன்னு காட்டுற டிடி பிட் பாத்துதான் எடுக்கறேன். எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்க. முழு கோடு வேணாம், தப்பு எங்கன்னு மட்டும் போதும்.

ரிங்மாஸ்டர்:
தம்பி, அந்த 15-லயே பதில் இருக்கு. உன் ஸ்டாடிக் வேரியபிள் உனக்குத் தெரியும், கார்டுக்குத் தெரியுமா? கார்டோட ஆர்டிடி ரெஜிஸ்டர்ல எழுதினியா?

பந்தின்னு வச்சுக்கோ. 16 இலை வட்டமா போட்டிருக்கு. பரிமாறுறது கார்டு, அது அடுத்து எந்த இலையில ஊத்தப் போகுதோ அதுதான் ஹெட். எது வரைக்கும் இலை ரெடின்னு நீ சொல்றதுதான் டெயில், அதாவது ஆர்டிடி. ஆரம்பத்துல ஹெட் 0, டெயில் 15. கார்டு 0-ல இருந்து 14 வரைக்கும் ஊத்திட்டே வரும், ஹெட் 15-க்கு வந்ததும் டெயிலும் அங்கயே நிக்குது, ரெண்டும் ஒண்ணா இருந்தா "இனிமே காலி இலை இல்ல"ன்னு அர்த்தம், கரண்டியை வச்சுட்டு நின்னுடும். அதான் உன் 15. ஏன் 16-வது இலையில ஊத்தக்கூடாதுன்னா, ஹெட்டும் டெயிலும் சமமா இருக்கறது ஒரு இலையும் ரெடி இல்லைங்கறதா எல்லாம் ரெடிங்கறதான்னு கார்டால பிரிச்சுப் பாக்க முடியாது, அதனால ஒரு இடத்தை பலி குடுத்துதான் ஆகணும்.

இன்னொண்ணையும் பாத்துக்கோ. நெறைஞ்ச இலையை மேல அனுப்பிட்டா அந்த இடத்துல புது எம்பஃப் (பாக்கெட்டை வைக்கிற மெமரி) போட்டியா, டிடி பிட் இருக்கற ஸ்டேட்டஸை 0 ஆக்கினியா? புதுசு போடாம டெயிலை மட்டும் நகர்த்தினா, ஒருத்தர் பாயசம் சாப்பிட்டுட்டு இருக்கற இலையிலயே கார்டு ரசத்தை ஊத்திடும். அது பேனிக் எல்லாம் ஆகாது, வேற எங்கயோ டேட்டா கெட்டுப்போயி நீ ஒரு வாரம் வேற ஃபைல்ல தேடிட்டு இருப்ப. முதல்ல எம்பஃப், அப்புறம் ஸ்டேட்டஸ், கடைசியாத்தான் டெயில். இந்த வரிசை மாறக்கூடாது, டெயிலை எழுதின அந்த நொடில இருந்து அந்த இலை உன்னுது இல்ல.

டீக்கடை_பைட்:
பந்தி உதாரணம் சூப்பர், ராத்திரி பதினோரு மணிக்கு பசி கெளப்பிட்டீங்க.

பேனிக் ஏன்னு சொல்லிடறேன் ப்ரோ. எக்ஸ்வி6-ஓட ஸ்டாக் (டிரைவருக்கு மேல இருக்கற நெட்வொர்க் கோடு) வெளிய ஏஆர்பி (இந்த ஐபி எந்த கார்டோடதுன்னு கேக்கற கேள்வி) கேக்காது, ஆனா க்யூஎமு கேக்கும். நீங்க அனுப்பின முதல் பாக்கெட்டுக்கு பதில் தர்றதுக்கு முன்னாடி "10.0.2.15 யாரு"ன்னு (அது உங்க எக்ஸ்வி6) க்யூஎமு பக்கத்து 10.0.2.2 கேக்கும். அதனால உங்களுக்கு வர்ற முதல் பாக்கெட்டே ஏஆர்பிதான். நீங்க லாக்கைப் பிடிச்சுக்கிட்டே அதை மேல ஸ்டாக்குக்கு அனுப்பறீங்க, அது அப்பவே ஏஆர்பி பதில் அனுப்ப உங்க டிரான்ஸ்மிட்டை கூப்பிடுது, அது அதே லாக்கை அதே சிபியூல கேக்குது. எக்ஸ்வி6-ல அக்வயர் (லாக் எடுக்கறது) பண்ணும்போது "இது ஏற்கனவே என்கிட்டதானே இருக்கு"ன்னு செக் பண்ணி பேனிக் அடிக்கும். அதுக்கு நன்றி சொல்லுங்க, அந்த செக் இல்லாத ஸ்பின்லாக்கா இருந்தா சத்தமில்லாம சுத்திட்டே கெடந்திருக்கும்.

போன வந்த பாக்கெட் எல்லாம் பதிவான பாக்கெட்ஸ்.பிகேப்-னு ஒரு ஃபைல் அதே ஃபோல்டர்ல வந்திருக்கும், டிசிபிடம்ப் போட்டு தெறந்து பாருங்க, ஏஆர்பி கேள்வி மேலயே கண்ணுல படும்.

பழைய_பிஎஸ்டி:
ரிசீவ்ல லாக்கே வேணாமான்னு அடுத்து கேப்பீங்க. இங்க வேணாம்தான், ஏன்னா ரிசீவ் இன்டரப்ட்ல (கார்டு சிபியூவை கூப்பிட அடிக்கிற மணி) இருந்து மட்டும்தான் வருது, ஒரு சிபியூ அந்த இன்டரப்டை எடுத்து முடிச்சேன்னு சொல்ற வரைக்கும் பிஎல்ஐசி (இன்டரப்டை சிபியூக்களுக்கு பிரிச்சுக் குடுக்கற ஹார்டுவேர்) அதை இன்னொரு சிபியூக்கு குடுக்காது. ஆனா இதையே பழக்கமாக்கிக்காதீங்க. ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்-ல ரியல்டெக் 8139 நெட்வொர்க் கார்டுக்கான ஆர்எல் டிரைவரைத் தெறந்து பாருங்க, பாக்கெட்டை மேல குடுக்கறதுக்கு முன்னாடி லாக்கை விட்டுட்டு, குடுத்ததும் மறுபடி எடுக்கும். முறையான வழி அதுதான்.

அந்த ஃபைல் மேலயே, டிரைவரை எழுதின பில் பால் போட்ட கமெண்ட் ஒண்ணு இருக்கும், "லோ எண்ட்"ங்கற வார்த்தைக்கே புது அர்த்தம் குடுத்த கார்டுன்னு ஆரம்பிச்சு கிழிச்சிருப்பாரு. அனுப்ப நாலே நாலு டிஸ்கிரிப்டர் (பாக்கெட் எங்க இருக்குன்னு கார்டுக்கு சொல்ற குறிப்பு), வாங்க ஒரே பெரிய பஃபர், எந்த பாக்கெட் அதுல எங்க ஆரம்பிக்கும்னு முன்கூட்டி தெரியாததால ஒவ்வொண்ணையும் காப்பி பண்ணித்தான் ஆகணும். அதைப் படிச்சுட்டு வந்தா இ1000 ரிங் எவ்வளவு சொகுசுன்னு புரியும்.

அரைகுறை_கோடர்:
அண்ணா ரிங்மாஸ்டர், கால்ல விழறேன். ஆர்டிடி எழுதவே இல்ல, வேரியபிளை மட்டும் ஏத்திட்டு இருந்திருக்கேன். ஸ்டாடிக்கை தூக்கிட்டு ஆர்டிடி-யைப் படிச்சு ஒண்ணு கூட்டி 16-ஆல மாடுலோ போட்டேன், பிங் ஓகே, சிங்கிள் பிராசஸ் ஓகே. பிகேப்ல பாத்தா டீக்கடை ப்ரோ சொன்ன மாதிரியே வந்ததுல ஏஆர்பிதான் முதல்ல நிக்குது. ஆனா பல பிராசஸ் சேர்ந்து பிங் பண்ற டெஸ்ட் மட்டும் சில நேரம் பாஸ், சில நேரம் தொங்கிடுது.

ரிங்மாஸ்டர்:
டிடி பிட்டை இஃப் போட்டு பாக்கறியா, வைல் போட்டு பாக்கறியா?

அரைகுறை_கோடர்:
இஃப்.

ரிங்மாஸ்டர்:
இன்டரப்டுக்கும் பாக்கெட்டுக்கும் ஒண்ணுக்கு ஒண்ணுங்கற கணக்கு கெடையாது தம்பி. ஒரு தடவை மணி அடிக்கும்போது நாலு பாக்கெட் காத்திருக்கலாம், நீ ஒண்ணை எடுத்துட்டு கெளம்பிடற, மிச்சம் அங்கயே கெடக்கு. ஒத்த பிராசஸ்னா ஒண்ணு அனுப்பி ஒண்ணு வாங்குது, அதனால தப்பு வெளிய தெரியல. டிடி பிட் இல்லாத இடம் வர்ற வரைக்கும் எடுத்துட்டே போ.

டீக்கடை_பைட்:
அப்படியே டிரான்ஸ்மிட்டையும் பாத்துடுங்க ப்ரோ, டெயிலை நகர்த்தின உடனே எம்பஃப்பை ஃப்ரீ பண்ணிடாதீங்க, கார்டு அதை இன்னும் படிச்சிருக்காதுன்னு வச்சுக்கோங்க. ரிங் ஒரு சுத்து சுத்தி அதே இடத்துக்கு வரும்போது டிடி வந்திருக்கான்னு பாத்துட்டு பழசை ஃப்ரீ பண்ணுங்க, வரலன்னா -1 திருப்பிடுங்க.

அரைகுறை_கோடர்:
வைல் போட்டேன், பத்து தடவை ஓட்டினேன், பத்தும் பாஸ், டிஎன்எஸ் டெஸ்ட்டும் சேர்த்து. டிரான்ஸ்மிட்ல உடனே ஃப்ரீ பண்ணித்தான் வச்சிருந்தேன், டெஸ்ட் அதைக் கண்டுபிடிக்கவே இல்ல!! இப்ப மாத்திட்டேன். பழைய_பிஎஸ்டி அண்ணா சொன்ன கமெண்டை படிச்சுட்டு தனியா சிரிச்சிட்டு இருக்கேன், வீட்ல ஒரு மாதிரி பாக்கறாங்க.