சங்கீதம் 18: மீட்பின் பாட்டில் ஏன் இவ்வளவு நெருப்பு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசனின் கைக்கும் மற்றப் பகைவர்களின் கைக்கும் தப்பிய நாளில் தாவீது பாடியது என்று வேதாகமத்தின் 18ஆம் சங்கீதத்தின் தலைப்பு சொல்கிறது. ஆனால் 7ஆம் வசனம் தொடங்கிப் பூமி அதிர்கிறது. கடவுளின் நாசியிலிருந்து புகை எழுகிறது. வாயிலிருந்து புறப்படும் நெருப்பில் தழல் மூள்கிறது. காப்பாற்ற வருகிறவர் இப்படிக் கனன்றுகொண்டா வர வேண்டும்? இந்தச் சினம் யார்மேல்?

மறுமொழி 1:
பாடுகிறவன் எங்கே கிடக்கிறான் என்பதை முதலில் பாருங்கள், ஐயா. 4, 5ஆம் வசனங்களில் மரணத்தின் கட்டுகள் அவனைச் சுற்றிக்கொள்கின்றன, வெள்ளம் அவன்மேல் புரள்கிறது. 15ஆம் வசனத்தில் கடவுளின் நாசிக் காற்றுப் பட்டதும் நீர் விலகிப் பூமியின் அடித்தளமே தெரிகிறது. உடனே 16இல் உயரத்திலிருந்து கை நீட்டி அவனைத் தூக்கிவிடுகிறார். 8இல் புகைந்த அதே நாசிதான் 15இல் வெள்ளத்தைப் பிளக்கிறது என்பதால், சினமும் மீட்பும் இங்கே ஒரே மூச்சு என்றே நான் வாசிக்கிறேன். அந்தச் சினம் அவனை மூழ்கடித்தவற்றின்மேல்தான்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். சிரியாவின் கடற்கரையில் உள்ள பண்டைய நகரமான உகாரித்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில், மேகத்தின்மேல் ஏறிவரும் புயல் தெய்வமான பாகால், யாம் என்னும் கடல் தெய்வத்தை வெல்கிறான். அந்த வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக இருந்த இந்தப் புயல்மொழியை எபிரேயப் புலவர்கள் தங்கள் கடவுளுக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். சிறகுள்ள வானுலக உயிரான கேருபீன்மேல் ஏறிக் காற்றின் இறக்கைகளில் பறந்து வருவதும், மின்னல்களை அம்புகளாக எய்வதும் அந்த மரபில் வருபவையே. இதனுடன் மலை முழுவதும் சூளையைப் போலப் புகைந்த சீனாய்க் காட்சியும் (யாத்திராகமம் 19), நாசியின் சுவாசத்தால் கடல் குவிந்து நின்றதாகச் சொல்லும் செங்கடல் பாடலும் (யாத்திராகமம் 15) சேர்ந்துகொள்கின்றன.

மறுமொழி 3:
எல்லாம் சரி, ஆனால் இந்த நெருப்பை நாம் சாந்தமாக்கிவிடக் கூடாது. நாசியில் புகை, வாயில் தீ என்ற இதே வருணனை யோபு 41இல் லிவியாதான் என்னும் பயங்கரக் கடல் விலங்குக்கு வருகிறது. பார்ப்பவர் குலைநடுங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேலும், 6ஆம் வசனத்தில் பாடுகிறவனின் கூக்குரல் கடவுளின் செவியை எட்டுகிறது; 41ஆம் வசனத்திலோ அவனுடைய பகைவர்களும் அதே கடவுளை நோக்கிக் கூப்பிடுகிறார்கள், அவர்களுக்கு அவர் பதில் தருவதில்லை. அந்த வசனத்தைத் தாண்டிப் போக என்னால் எளிதில் முடிவதில்லை.