புதுப்பிப்பு: கிடங்கு வேலையை வெளியே கொடுத்த பிறகு

கிடங்கையும் டெலிவரியையும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒப்படைத்துவிட்டோம். கொள்முதலும் விற்பனைக் கணிப்பும் மட்டும் எங்களிடமே இருக்கின்றன.

பெரிய பலன் லாரி வாடகையில் வரவில்லை, லீட் டைம் பதிவில் வந்தது. லீட் டைம் என்றால் ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு வந்து சேரும் வரை ஆகும் நாட்கள். அதை அந்த வெளி நிறுவனத்தினர் சப்ளையர் வாரியாகக் குறித்துவைக்கிறார்கள். சராசரி நாட்களைப் பார்த்தால் எங்கள் சப்ளையர்கள் இரண்டு பேர் ஒன்றுதான். ஆனால் ஒருவர் சொன்ன நாளில் அனுப்புகிறார். இன்னொருவர் ஒரு முறை முன்னதாக, அடுத்த முறை வெகு தாமதமாக. பாதுகாப்பு இருப்பு, அதாவது சரக்கு தாமதமானாலோ விற்பனை திடீரென ஏறினாலோ சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, எவ்வளவு தேவை என்பதில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு இருப்பு வைப்பதை நிறுத்தியதும் முடங்கிக் கிடந்த பணம் கொஞ்சம் வெளியே வந்தது. எனக்கு இதுவே போதும்!

அப்புறம், கடைகளில் உண்மையில் விற்ற எண்ணிக்கையையும் சப்ளையர்களுக்குக் காட்டுகிறோம். ஆர்டரை மட்டும் பார்த்தால் விற்பனையின் சின்ன ஏற்றம்கூட, கடையிலிருந்து சப்ளையர், உற்பத்தியாளர் என்று சங்கிலியில் மேலே போகப் போக ஆர்டர்களில் பெருத்துவிடும்.

ஒப்பந்தம் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இருப்புத் தரவு எங்களுடையது, விலகும்போது முழுவதும் தர வேண்டும் என்று எழுதி வாங்கினோம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிட்டர்ன் சரக்கை யார் சோதிப்பது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.