முதல் இரண்டு வாரங்கள் நான் பாடம் நடத்துவதில்லை: கணிதத் தனிப்பயிற்சி அனுபவங்கள்

தனிப்பயிற்சி ஆசிரியர், மன்னார்குடி

என் வீட்டு மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கடந்த 16 ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஜூன் மாதத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோரிடம் முதல் இரண்டு வாரங்கள் பாடம் நடத்த மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சிலர் முகம் மாறி, வேறு இடம் பார்த்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள். அப்படியும் இந்த வழக்கத்தை நான் விடாமல் இருப்பதற்கு ஒரு மாணவன் காரணம்.

டியூஷன் தொடங்கிய புதிதில், சேர்ந்த மறுநாளே உறவுகளும் சார்புகளும் பாடத்தை ஆரம்பித்துவிடுவேன். பள்ளியைவிட ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருப்பதுதான் நல்ல டியூஷனுக்கு அடையாளம் என்று நம்பியிருந்த காலம் அது. அந்த மாணவன் நான்கு மாதங்கள் ஒருநாள் தவறாமல் வந்து, கரும்பலகையில் நான் எழுதியதை எல்லாம் அச்சடித்ததுபோல் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். காலாண்டுத் தேர்வில் அவனுக்குக் கிடைத்தது 19 மதிப்பெண். அவனைக் கடிந்துகொள்ளும் எண்ணத்தோடுதான் விடைத்தாளைக் கேட்டு வாங்கினேன்.

'எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு' என்ற கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கைப் பாதியில் விட்டிருந்தான். என் எதிரிலேயே மறுபடியும் போடச் சொன்னேன். பெருக்கினால் 6, கூட்டினால் −5 வர வேண்டும் என்று சரியாகச் சொல்லி, −2, −3 என்ற இரண்டு எண்களையும் தானே கண்டுபிடித்தவன், உடனே அவற்றை அடித்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டினால் பிளஸ் ஐந்துதானே சார் வருகிறது? மைனஸும் மைனஸும் பிளஸ்" என்றான். பெருக்கலுக்கு உரிய விதியை அவன் கூட்டலுக்கும் சேர்த்து, ஏழாம் வகுப்பிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறான். அவன் யோசித்த விதத்தில் ஒரு குறையும் இல்லை; கையில் இருந்த விதி ஒன்றுதான் தவறு. மளிகைக் கடையில் நேற்று 2 ரூபாய் கடன், இன்று 3 ரூபாய் கடன் என்றால் கணக்கு நோட்டில் என்ன இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐந்து ரூபாய் கடன், மைனஸ் ஐந்து" என்றான். பத்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலைக்கு முன்னால் நான்கு மாதங்களை நான் வீணாக்கியிருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதன் பிறகு, புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பத்துக் கணக்குகள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கிறேன். மதிப்பெண் கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது. அழிப்பானுக்கு மட்டும் அனுமதி இல்லை. தவறு என்று தோன்றினால் ஒரே கோடாக அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுத வேண்டும். அழித்துவிட்ட வரியில்தான் எனக்கு வேண்டிய செய்தி இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கச் சில நாட்கள் ஆகின்றன. தவறாக எழுதியதற்காக எங்கோ எப்போதோ வாங்கிய திட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது பழக்கம், வெறும் நோட்டோடு வராமல் இருப்பது. அன்றைய பயிற்சியில் இரண்டு கணக்குகளையாவது வீட்டில் முயன்றுவிட்டு, எந்த வரியில் நின்றுபோனதோ அங்கே பென்சிலால் குறி வைத்துக்கொண்டு வர வேண்டும். 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதி வந்தால் ஏற்றுக்கொள்வதில்லை. கொடுக்கப்பட்டது என்ன, கேட்கப்படுவது என்ன என்ற இரண்டு வரிகளாவது இருக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கைவந்துவிடுகிறது. அதன் பின் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கின்றன.

வினாவைப் படிப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இடைக்கண்டத்தின் (கூம்பின் நுனியை வெட்டிய பின் எஞ்சும், வாளி போன்ற வடிவம்) கன அளவுக்கான சூத்திரத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்த மாணவி ஒருத்தி, 'மேற்புற, அடிப்புற ஆரங்கள் முறையே 28 செ.மீ., 7 செ.மீ.' என்ற வரியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். கேட்டுப் பார்த்ததில், 'முறையே' என்ற சொல்லுக்கு அவளுக்குப் பொருள் தெரியவில்லை. 'இறக்கக் கோணம்' என்று வந்தால் கோபுரத்தின் சுவரிலிருந்து கோணத்தை அளக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உச்சியில் நிற்பவரின் கண்ணிலிருந்து கிடைமட்டக் கோடு ஒன்றை முதலில் வரையச் சொன்னால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. இதெல்லாம் தமிழாசிரியரின் வேலை என்று நான் ஒதுக்கிவிடுவதில்லை. முதல் இரண்டு வாரங்களில் தினமும் ஒரு வாக்கியக் கணக்கை உரக்கப் படித்து, சொந்த வார்த்தையில் சொல்லி, படம் வரைந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம், விடை காண்பதில்லை.

ஜனவரியில் வந்து சேரும் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை காட்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 100 மதிப்பெண் தாளில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் 16, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14 என்று 30 மதிப்பெண்ணைக் கூட்டி, இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்களைச் சேர்த்தால் தேர்ச்சிக்கான 35-ஐத் தாண்டிவிடலாம். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்; தேர்ச்சி அவனுக்கு அவசியம். ஆனால் ஜூன் மாதமே அதைத் திட்டமாக வைத்துக்கொண்டு, மெதுவாகக் கற்பவன் என்று பெயரிட்டு ஒரு பிள்ளையைப் பத்து மாதமும் வட்டத்துக்குத் தொடுகோடு மட்டும் வரைய வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலிடெக்னிக்கில் முதல் பருவத்திலேயே அவனுக்கு அந்த மைனஸ் குறி மறுபடியும் எதிரே வந்து நிற்கும்.

தன்னார்வலர், திண்டிவனம் அருகில்

ஐயா எழுதியிருப்பது எனக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது. 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் தெருவில் மாரியம்மன் கோவில் மண்டபத்தில், மாலை நேரத்தில் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். கொரோனாவால் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் திறந்தன என்பதால், இரண்டாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் நான்காம் வகுப்பு மாணவர்களாக என் முன்னால் இருந்தார்கள்.

402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னபோது, பாதிப் பேர் 376 என்று எழுதினார்கள். ஆளுக்கொரு விதமாகத் தவறு செய்திருந்தால் கவனக்குறைவு என்று நினைத்திருப்பேன்; இத்தனை பேருக்கும் ஒரே தவறான விடை எப்படி வரும் என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறார்கள்: 8-இல் 2 போக 6, 7-இல் 0 போக 7, 4-இல் 1 போக 3. கடன் வாங்கும் முறையை மறுபடி ஒப்பிக்க வைக்காமல், தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாக்கி, நான்கு பெருங்கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து 178 குச்சிகளை எனக்குத் தரச் சொன்னேன். பெருங்கட்டு ஒன்றைப் பிரிக்காமல் தர முடியாது என்று ஒரு சிறுமி முதலில் கண்டுபிடித்து, "அக்கா, இதை உடைக்கட்டுமா?" என்று கேட்டாள். மீதமிருந்த 224 குச்சிகளை அவர்களே இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்கள். ஒரே கணக்குக்கு இரண்டு மாலைகள் செலவாயின. ஆனால் அந்த வாரக் கடைசியில் 500-லிருந்து 263-ஐக் கழிக்கக் குச்சியைத் தேடியவர்கள் மூன்று பேர்தான்.

ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளில் இருக்கும் பத்துக் கணக்குகள் எவை என்று சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒரு மாணவியின் தாய், திருச்சி

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தையல் வேலை செய்கிறேன். என் மகளின் டியூஷன் ஆசிரியை, தினமும் ஒரு கணக்கை அவள் எனக்கு விளக்க வேண்டும் என்றும், எனக்குப் புரியாத இடத்தில் 'ஏன்' என்று மட்டும் நான் கேட்டால் போதும் என்றும் சொல்லி அனுப்பினார். அரை மீட்டர் துணியும் மூன்றில் ஒரு பங்கு மீட்டர் துணியும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு பங்கு மீட்டர் என்று ஒருநாள் அவள் போட்டுக் காட்டினாள். அரை மீட்டரோடு இன்னும் துணி சேர்ந்த பிறகு, அது எப்படி அரை மீட்டரைவிடக் குறையும் என்று கேட்டேன். தையல் நாடாவை விரித்து இருவரும் அளந்து பார்த்தோம். 83 சென்டிமீட்டரைத் தாண்டியது. அந்த நோட்டை அவளே எடுத்துக்கொண்டு போய், அடுத்த நாள் ஆசிரியையிடம் எங்கே தவறு என்று கேட்டாள். அதற்கு முன் அவள் டியூஷனில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை என்று ஆசிரியை பிறகு என்னிடம் சொன்னார்.

தனிப்பயிற்சி ஆசிரியர், மன்னார்குடி

அந்தத் தாயின் கேள்வியை வரும் ஜூன் மாதத்திலிருந்து என் தாளில் சேர்த்துக்கொள்கிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. கணக்குப் போடும் முன், விடை அரையைவிடக் கூடுமா குறையுமா என்று கேட்கும் வரி இல்லை.

தன்னார்வலர் கேட்டதற்கு வருகிறேன். ஏழெட்டு எவ்வளவு என்பதும், 56-ஐ 7-ஆல் வகுப்பதும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறதா என்று பார்ப்பதற்காக. 402-லிருந்து 178 என்னிடமும் உண்டு, நடுவில் இருக்கும் பூஜ்யத்துக்காக. −2-உடன் −3-ஐக் கூட்டுவதும், அதே எண்களைப் பெருக்குவதும் ஒரே வரியில் இருக்கும். பின்னக் கூட்டல் ஒன்று; 0.3, 0.25 ஆகியவற்றில் எது பெரியது என்பது ஒன்று. 400 ரூபாயில் 15 சதவீதம் ஒன்று. ஓர் எண்ணை மூன்று மடங்காக்கி ஐந்தைக் கூட்டினால் 20 வருகிறது, அந்த எண் எது என்ற வாக்கியக் கணக்கில், சமன்பாட்டையும் எழுதச் சொல்வேன். கடைசிக் கணக்கு, மூன்றையும் இரண்டையும் கூட்டி வர்க்கப்படுத்துவதும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவதும் சமமா என்பது. ஒன்று 25, மற்றொன்று 13 என்று கண்ட பிறகும் சமம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் கட்டத்தாளில் ஐந்துக்கு ஐந்து சதுரம் வரைந்து, உள்ளே ஒன்பது கட்டத்துக்கும் நான்கு கட்டத்துக்கும் வண்ணம் தீட்டக் கொடுத்து, மிச்சமுள்ள பன்னிரண்டு வெள்ளைக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறேன். நான்காம் வகுப்புக்கு முதல் மூன்று கணக்குகள் போதும்.