புதுப்பிப்பு: டீம் பேச ஆரம்பித்துவிட்டது

மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கே புலம்பியிருந்தேன், என் டீமில் ஆறு பேர், மீட்டிங்கில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது என்று. "முதலில் லேப்டாப்பை மூடுங்கள், கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள்" என்று உங்களில் ஒருவர் எழுதினீர்கள். சுருக்கென்று தைத்தது.

சரி, செய்து பார்த்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே சொன்ன விஷயம்தான் இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 வினாடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். நானும் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். அந்த மௌனம் அப்படிக் கனத்தது, நடுவில் புகுந்து நானே பதில் சொல்லிவிடத் துடித்தேன்.

இரண்டாவது வாரம், டீமிலேயே அமைதியானவர் என் திட்டத்தில் இருந்த ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஆனால் அவர் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லாமல் விட்டிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அந்தப் பகுதியை அவர்தான் நடத்துகிறார், என்னைவிட நன்றாகவே.

வேலை நெருக்கும் நாட்களில் பழைய பழக்கம் திரும்பி வருகிறது, மறுக்கவில்லை. அப்புறம், வீடியோ மீட்டிங்கில் இதை எப்படிச் செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.